அக்கா கேட்ட வலைப்பக்கம்

நான் வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டது ஓசூரில், பாகலூர் சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் மேலே எங்கள் மானிட்டர் லேசாக நடுங்கும். பிற்பாடு பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் போய் உட்கார்ந்தபோது எழுத்துகள் ஆடாமல் நின்றது எனக்குக் கொஞ்ச நாள் விசித்திரமாக இருந்தது.

என் ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓசூர் என்றதும், "அது நம்ம மாவட்டம்தானே" என்று விட்டுவிட்டார். அப்படித்தான் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும், டயர் கடை மாடியில் ஒரு நாற்காலியும் எனக்குக் கிடைத்தன.

அந்த அலுவலகத்தில் இருந்தது இரண்டே பேர். நான், சார். சார் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். முன்பு ஒரு தொழிற்சாலையில் வரைவாளராக இருந்து, பெரிய பலகையில் தாளை ஒட்டி இயந்திர பாகங்களை வரைந்துகொண்டிருந்தாராம். பலகைகளை எடுத்துவிட்டுக் கணினி வந்ததும் வேலையை விட்டுவிட்டு, அதே கணினியில் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று இந்தத் தொழிலை ஆரம்பித்தார். பழக்கம் மட்டும் போகவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும். நான் ஒரு பக்கத்தைச் செய்து முடித்ததும் அந்த ஸ்கேலை மானிட்டர் கண்ணாடிமேல் வைத்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று முணுமுணுத்துக்கொண்டே அளப்பார். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், "ஏம்மா, இந்தப் பக்கம் சாஞ்சிருக்குது பாரு" என்பார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அளந்து சொல்வார், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் பக்கம் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் சார் முழுப் பக்கத்தையும் ஒரே படமாக வரைவார். அதை நான் கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாக வெட்டுவேன். பிறகு ஒரு அட்டவணை போட்டு, அட்டவணையின் கட்டத்துக்குள் இன்னொரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வைப்பேன். காலியான கட்டங்கள் சுருங்கிப் போகாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை முட்டுக் கொடுப்பதுபோல உள்ளே செருகி வைப்போம். பார்க்க அழகாக இருக்கும். நீல நிறத்தில் 'இ' எழுத்துப் போட்ட பிரவுசர்தான் அன்று எல்லாத் தொழிற்சாலைக் கணினியிலும் இருந்தது. அதில் ஒழுங்காகத் தெரிந்தால் வேலை முடிந்தது. நரிப் படம் போட்ட இன்னொரு பிரவுசரை நான் மட்டும் ஆசைக்கு என் கணினியில் வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு தொழிற்சாலையின் வெப்சைட் எங்களுக்கு வந்தது. முதலாளி கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். எல்லாரும் அவரை எம்.டி. சார் என்பார்கள். முகப்பில் தமிழில் 'வணக்கம்' என்று பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. செய்து கொடுத்தோம். அன்றைக்கிருந்த தமிழ் எழுத்துருக்கள் ஒரு மாதிரியான ஏற்பாடு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, வெளியே தெரிவது தமிழ். எம்.டி. சாருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. வணக்கம் தெரிந்தது, மகிழ்ந்து போனார். அலுவலகத்துக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்பினார். நானும் சாரும் அதை டயர் கடைக்காரர்களோடு சேர்ந்து தின்றோம்.

மைசூர்பாகு தீர்வதற்குள் ஒரு போன் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர். அவர் குரலை எனக்குத் தெரியும். நான் எப்போது கூப்பிட்டாலும், "வணக்கம், ஒரு நிமிசம்" என்று சொல்லி எம்.டி. சாருக்கு இணைப்பார். அன்று இணைக்கவில்லை.

"அந்த வெப்சைட்ட செஞ்சது நீதானாம்மா?"

"ஆமாங்க."

"நீ செஞ்சத நீயே ஒரு மட்டம் கேட்டுப் பாத்தியா?"

அவர் பேச்சில் திருநெல்வேலி வாடை இருந்தது. பார்த்தாயா என்று கேட்பதற்குப் பதிலாக அப்படிக் கேட்கிறார், அந்தப் பக்கம் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "பாத்தங்க, நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"பாக்கச் சொல்லல. கேக்கச் சொன்னேன். ஒரு எட்டு இங்கன வந்துட்டுப் போ."

மறுநாள் டவுன் பஸ் பிடித்துப் போனேன். வரவேற்பறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி அறை. காதில் ஹெட்போனோடு முப்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கணினி. மானிட்டர் அணைந்திருந்தது. அதன் தலைமேல் அவருடைய டிபன் பாக்ஸ். நான் கதவைத் தள்ளியதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் கொஞ்சம் தள்ளி, என் தோளைப் பார்த்தாற்போல. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோ. ஒனக்கு வேணும்னா அந்த டிவியப் போட்டுக்கோ. எனக்கு எதுக்கு வீண் கரண்டு?" என்றார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனதாம். பாளையங்கோட்டையில் படித்து, பெங்களூரில் ஆபரேட்டர் பயிற்சி எடுத்து, கல்யாணம் ஆகி ஓசூர் வந்தவர். கணவர் வேறொரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். இதையெல்லாம் அழைப்புகளுக்கு நடுவே, சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கணினியில் எங்கள் பக்கத்தைத் திறந்தார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற ஒரு மென்பொருள் அதில் இருந்தது. அமெரிக்க ஆண் குரல். எங்கள் வணக்கத்தைத்தான் அது முதலில் வாசித்தது.

"டி, இசட், எஃப். எஃப், கே."

நான் திகைத்துப் போனேன். எழுத்துருவுக்கு உள்ளே ஒளிந்திருந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே வந்து நின்றன. அடுத்து அட்டவணையில் இத்தனை வரிசை, இத்தனை பத்தி என்று சொல்லத் தொடங்கியது. அதற்குள் இன்னோர் அட்டவணை. பிறகு, "கிராஃபிக், இமேஜஸ் ஸ்லாஷ் ஸ்பேசர். கிராஃபிக், இமேஜஸ் ஸ்லாஷ் ஸ்பேசர்." நான் முட்டுக் கொடுத்து வைத்த கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி ஆஜரானது. பொருள்களின் பெயர்களையெல்லாம் அழகான எழுத்தில் படமாக வெட்டி வைத்திருந்தேன் அல்லவா, அவை "பட்டன் ஜீரோ த்ரீ, பட்டன் ஜீரோ ஃபோர்" என்று வந்தன. போல்ட் என்ற சொல் எங்குமே வரவில்லை.

"இதுல எது போல்ட், எது நட்டு, நீயே சொல்லு" என்றார்.

துண்டு வெட்டியவள் நான்தான், எந்த எண் எது என்று எனக்கே ஞாபகமில்லை. அவர் அதை ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் சீக்கிரம் தானாகப் பேசும் மெஷின் வரப் போகிறது. விற்பனைக்கு ஒன்றை அமுக்கு, கணக்குப் பிரிவுக்கு இரண்டை அமுக்கு என்று அதுவே சொல்லிவிடும். ஆபரேட்டர் தேவைப்படாது. அதனால் அவர் எம்.டி. சாரிடம் போய், விற்பனைப் பிரிவில் விசாரணைக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் இடத்தைக் கேட்டிருக்கிறார். "எந்த போல்ட் என்ன அளவு, என்ன தரம்னு படிச்சுச் சொல்ல முடிஞ்சா தாராளமா உக்காருங்க" என்றிருக்கிறார் எம்.டி. சார். விவரமெல்லாம் வெப்சைட்டில் வரப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து அக்கா, அன்றிலிருந்து நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், அதற்காகத்தான் காத்திருந்தார். வந்தது டி, இசட், எஃப்.

"திட்டணும்னுதான் கூப்பிட்டேன். நீ வேற சின்னப் பிள்ளையா இருக்க, குரலே நடுங்குது. சரி, என்ன செய்யலாம், சொல்லு."

"தெரியலக்கா. பாத்துட்டு வரன்."

"கேட்டுட்டு வா" என்று திருத்தினார்.

அதற்கப்புறம்தான் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இணையத்தில் தேடித் தேடி வாசித்தேன். ஒரு வரியைப் பெரிதாகவும் தடிமனாகவும் போட்டால் அது கண்ணுக்குத்தான் தலைப்பு. தலைப்புக்கென்று இருக்கிற டேக் என்னும் குறியீட்டுக்குள் அதை வைத்தால்தான் பிரவுசருக்கும் அது தலைப்பு. அப்படி வைத்துவிட்டால், வாசிக்கும் மென்பொருளில் 'எச்' விசையைத் தட்டத் தட்ட ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிப் போகலாம். பட்டியலைப் பட்டியல் என்று சொல்லி வைத்தால் அதில் எத்தனை உருப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும். படத்துக்கு ஒரு மாற்றுச் சொல் எழுதி வைத்தால் கோப்பின் பெயருக்குப் பதில் அதை வாசிக்கும். கல்லூரியில் இதெல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்திருந்தது. விடையும் எழுதியிருந்தேன்.

சாரிடம் சொன்னபோது அவர் ஸ்கேலால் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எம்.டி. சாருக்குப் பிடிச்சுப் போச்சேம்மா. நல்லா இருக்கிறத எதுக்குக் கலைக்கணும்?"

"வெளிய ஒண்ணுமே மாறாது சார். உள்ளதான் மாத்தறன்."

"ஒரு பிக்சல் நகரக் கூடாது."

"நகராது சார்."

"செய்யி. ஆனா மத்த வேலை நிக்கக் கூடாது." பிறகு, நான் திரும்பி உட்கார்ந்ததும், "அந்தம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க டிராயிங் ஆபீசுல பலகைய எடுத்தப்ப எனக்கும் அதே வயசும்மா" என்றார்.

மற்ற வேலைகளுக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தைப் பிரித்துக் கட்டினேன். அந்த வாசிக்கும் மென்பொருளின் இலவச வடிவத்தை என் கணினியிலும் போட்டுக்கொண்டேன். சற்று நேரம் வேலை செய்துவிட்டு அது நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி பேசும். மானிட்டரை அணைத்துவிட்டு நான் காதால் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, கரண்டு போய்விட்டது என்று நினைத்து சார் இரண்டு முறை யுபிஎஸ்ஸைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

சனிக்கிழமைகளில் சிடியில் பதிந்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் போவேன். முதல் முறை 'எச்' விசையைத் தட்டியபோது, "ஹெடிங் லெவல் டூ, ஹெக்ஸ் போல்ட்ஸ்" என்றது. மறுபடி தட்டினார். "ஹெடிங் லெவல் டூ, நட்ஸ்." அக்காவின் கை நின்றது. பிறகு மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று தட்டித் தட்டி ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு அழைப்பு வந்து மணி அடித்தது. எடுக்கவில்லை. அவர் மணியை அடிக்க விட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஏட்டி, இது நல்லா இருக்குட்டி!" என்றார். அன்றிலிருந்து 'அம்மா' போய் 'ஏட்டி' ஆனேன்.

ஆனால் சண்டையும் இருந்தது. அட்டவணை வைத்துப் பக்கம் கட்டுவது தவறு என்று எல்லா இடத்திலும் படித்திருந்தேன். புதிதாகப் படித்தவளின் வேகம், இருக்கிற அட்டவணைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டேன். போல்ட்டின் விட்டம், நீளம், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே உள்ள மரையிடைவெளி எல்லாம் இருந்த அட்டவணையையும் சேர்த்து. அதை வரிவரியாக எழுதி வைத்திருந்தேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எட்டு, முப்பது, ஒண்ணே கால்னு போயிட்டே இருக்கு. எது நீளம், எது விட்டம்? அட்டவணைய என்ன செஞ்ச?"

"எடுத்துட்டன்க்கா. அட்டவண கூடாதுன்னு போட்டிருக்குது."

"எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்? வீட்டுக்குச் செவுரு வைக்கத்தான் அட்டவண கூடாதுன்னு சொல்லியிருப்பான். போல்ட்டு அளவ வேற எதுல எழுதுவ, பாட்டாவா எழுதுவ?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அவர் சொன்ன மற்றதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அந்த அமெரிக்கக் குரலைத் தமிழில் பேச வைக்க என்னால் முடியும், நான்தான் சோம்பல்படுகிறேன் என்று கடைசி வரை நம்பினார். அட்டவணையைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொரு பத்திக்கும் முறையான தலைப்புக் கட்டம் வைத்தேன். அதன்பிறகு கட்டம் கட்டமாக நகரும்போது "லெங்த், முப்பது" என்று தலைப்பையும் சேர்த்துச் சொன்னது. வணக்கத்தை ஒரு படமாக்கி, மாற்றுச் சொல்லாக ஆங்கில எழுத்தில் வணக்கம் என்றே எழுதி வைத்தேன். அமெரிக்கக் குரல் அதை "வேனக்கேம்" என்றது. அக்கா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற ஒரு நாள் குறித்தோம். முந்தின மாலை நீலப் பிரவுசரிலும் நரிப் பிரவுசரிலும் சார் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை. "பாஸ்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

காலையில் நான் வருவதற்குள் சாரே கோப்புகளைச் சர்வரில் ஏற்றி முடித்துவிட்டு, சந்தோஷமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பனி விலகாத காலை. நான் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போடும்போது போன் அடித்தது. அக்கா.

"ஏட்டி, எம்.டி. சார் ஒங்க ஆபீசுக்கு லைன் கேக்காவ. குரலே சரியில்ல. ஜப்பான்காரங்க வந்திருக்காவ, பெரிய திரையில வெப்சைட்டப் போட்டுக் காட்டுதாவளாம். பக்கம் மொத்தமும் ஒரு ஓரமா ஒதுங்கி, கட்டமெல்லாம் சூம்பிப்போய்க் கெடக்காம்லா. என்னத்தச் செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலக்கா! உங்களுக்கு எப்படி இருக்குது?"

"எனக்கென்ன, ஜோரா வாசிக்கு. ஒரு குறையும் இல்ல. சரி, லைன் பிஸின்னு சொல்லுதேன். வெரசா பாரு." வைத்துவிட்டார்.

நீலப் பிரவுசரில் திறந்தேன். உண்மைதான். நடுவில் இருக்க வேண்டிய பக்கம் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டங்கள் குறுகிப்போயிருந்தன. நரிப் பிரவுசரில் அதே பக்கம் நடுவில், ஒழுங்காக. என் கணினியில் நேற்று நான் வைத்திருந்த கோப்பை நீலப் பிரவுசரில் திறந்தால் அதுவும் ஒழுங்காகத் தெரிந்தது. சர்வரில் இருப்பது மட்டும் சாய்ந்திருந்தது. ஒரே கோப்பு இரண்டு விதமாக நடந்துகொண்டது.

சார் பின்னால் வந்து நின்றார். ஸ்கேலை எடுத்தார். அளக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, "தேவுடா, தேவுடா" என்றார்.

சர்வரிலிருந்து கோப்பை இறக்கிப் பாதியை வெட்டிவிட்டுப் பார்த்தேன். சாய்ந்தே இருந்தது. மீதியிலும் பாதியை வெட்டினேன். அப்போதும் சாய்ந்தே இருந்தது. மறுபடி போன்.

"கெடைச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"அவிய மறுபடி கேக்காவ. மழையில கேபிள் போயிருக்கும்னு சொல்லியிருக்கேன்."

"மழையே இல்லையேக்கா?"

"உள்ள ஏசி ரூம்ல இருக்காவ, அவியளுக்கு எப்படித் தெரியும்? நீ பாரு."

வெட்டி வெட்டிக் கடைசியில் பக்கத்தின் தலைமாடு மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் முதல் வரியைப் பார்த்தேன். நான் எழுதாத ஒரு வரி அங்கே இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், கோப்பைத் திறப்பவருக்கு மட்டும் தெரியும்படி எழுதுகிற குறிப்பு வரி. 'இந்தப் பக்கத்தை அக்கறையுடன் உருவாக்கியவர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, எங்கள் நிறுவனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறிகள் வைத்திருந்தது.

"சார், இது யாரு போட்டது?"

சார் குனிந்து பார்த்தார். "நான்தாம்மா. காலையில ஏத்தும்போது போட்டேன். வேல நல்லா வந்திருக்குதே, நம்ம பேரு ஒரு ஓரமா இருக்கட்டுமேன்னு... அது கண்ணுக்கே தெரியாதேம்மா?"

கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு பக்கத்தின் முதல் வரியில், இது எந்த விதிப்படி எழுதப்பட்டது என்கிற அறிவிப்பு இருக்க வேண்டும். அந்த நீலப் பிரவுசருக்கு ஒரு குணம் உண்டு. அந்த அறிவிப்புக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு இருந்தால்கூட, இது பழைய காலத்துப் பக்கம் என்று முடிவு கட்டிக்கொண்டு, பழைய காலத்துக் கணக்குப்படி அளக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கில் கட்டத்தின் அகலமும் வேறு, நடுவில் நிறுத்தும் வழியும் வேறு. எங்கேயோ படித்தது அந்த நிமிடத்தில் ஞாபகத்துக்கு வந்தது. படித்தபோது இதெல்லாம் யாருக்கு நடக்கப் போகிறது என்று தள்ளிவிட்டுப் போயிருந்தேன்.

வரியை எடுத்தேன். பக்கம் நடுவில் வந்து நின்றது. சர்வரில் ஏற்றினேன். நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"சரியாயிடுச்சுக்கா. ஆனா அவரு கம்ப்யூட்டர்ல பழசே தெரியும். பிரவுசர் ஒரு நகல எடுத்து வச்சிருக்கும். மேல எஃப் ஃபைவ்னு ஒரு கட்டை இருக்கும், அத அமுக்கச் சொல்லுங்க."

"நீ லைன்லயே இரு." என்னைப் பிடித்து வைத்துக்கொண்டே மறுபக்கம் எம்.டி. சாரிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது. குரலே மாறிவிட்டது. தேன். "சார், லைன் கெடைச்சிட்டு. அதுக்கு முன்னாடி அவங்க எஃப் ஃபைவ் அமுக்கச் சொல்றாங்க சார். ஆமா சார். மேல் வரிசையில சார்."

பிறகு எம்.டி. சாரின் குரல் நேராக என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, என்னாச்சுங்க? தானா நேராயிருச்சே?"

நான் சாரைப் பார்த்தேன். சார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். நெற்றியில் வேர்வை. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"சர்வர் சார். சர்வர் கொஞ்சம் ஸ்லோ."

"ஓ, சர்வருங்களா? சரிங்க, சரிங்க." வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் எல்லாப் பழியையும் சர்வர்தான் தாங்கியது. அது எங்கேயோ ஒரு வெளிநாட்டில் இருந்தது. அதற்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சார் ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து, "ஏம்மா, அந்த வரிய அடியில போட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். நானே பக்கத்தின் கடைசியில், நட்சத்திரக் குறிகளோடு, அந்த வரியை எழுதிக் கொடுத்தேன். அப்போது அவர் முகத்தில் வந்த வெட்கச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஜப்பான்காரர்கள் வெப்சைட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லையாம். மேஜைமேல் பரப்பி வைத்திருந்த போல்ட்டுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்களாம். அக்கா பிறகு சொன்னார்.

தானாகப் பேசும் மெஷின் சொன்னபடி வந்தது. அதில் பேசுவது யார் குரலாக இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அக்காவின் குரலையே பதிந்துவிடலாம் என்றார் எம்.டி. சார். அக்கா சம்மதித்தார். அதனால் அவர் கண்ணாடி அறையை விட்டுப் போன பிறகும் தொழிற்சாலையைக் கூப்பிடுகிறவர்களுக்கு முதலில் அவர்தான் வணக்கம் சொன்னார். விற்பனைக்கு ஒன்றை அமுக்கினால் அங்கேயும் அவரே எடுத்தார். சிலர் குழம்பிப் போய், "இப்பவும் மெஷினா, ஆளா?" என்று கேட்பார்களாம்.

விற்பனைப் பிரிவில் அவர் உட்கார்ந்த புதிதில் ஒருநாள் புதிய விவரங்களை வாங்கப் போயிருந்தேன். ஜன்னல் ஓரம் மேஜை. இங்கேயும் மானிட்டர் அணைந்தே இருந்தது. ஒரு காதில் போன், மறு காதில் அமெரிக்கக்காரர். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப் கம்பெனிக்காரர் ஏதோ ஒரு அளவைக் கேட்கிறார் போலிருந்தது. அக்காவின் விரல்கள் 'எச்' விசையைத் தட்டின, பிறகு 'டி' விசையைத் தட்டி அட்டவணைக்குள் இறங்கின, அம்புக்குறியில் நகர்ந்தன. அந்தக் குரலை அவர் ஓட விட்டிருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் போனில் மட்டும் நிதானமாக, "மரையிடைவெளி ஒண்ணே கால் சார். நீளம் முப்பதுலயும் இருக்கு, நாப்பதுலயும் இருக்கு" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆமா சார், என்ஜினியர்தான்" என்றார்.

போனை வைத்ததும் நான், "ஏன்க்கா இப்படி?" என்றேன்.

"அவரு ஆசையாக் கேட்டாரு. இல்லன்னு சொல்லி எதுக்கு அவரு மனச நோகடிக்கணும்?" என்று டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு புட்டுத் துண்டை என் பக்கம் நீட்டினார்.

கொஞ்ச வருடத்தில் நான் எல்லை தாண்டி பெங்களூருக்குப் போனேன். அதற்குள் அப்பாவுக்கும் பழகியிருந்தது. நேர்முகத் தேர்வில், பக்கத்தில் தலைப்புகளை ஏன் தலைப்பு டேக்கில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். நான் போல்ட் தொழிற்சாலையைப் பற்றி ஆரம்பித்து, அவர்கள் போதும் என்று சொல்லும்வரை பேசினேன். வேலை கிடைத்தது என்று சொன்னதும் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். அவருடைய எஃகு ஸ்கேலைக் கொடுப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுக்கவில்லை. அது அவருக்கு வேண்டுமே. டயர் கடைக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அக்கா பிறகு வீட்டுக்கும் ஒரு கணினி வாங்கிக்கொண்டார். இணையத்தில் ஏதாவது ஒரு பக்கம் அவருக்குச் சரியாக வாசிக்கவில்லை என்றால், உலகத்தில் வலைப்பக்கம் செய்கிற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள் என்பதுபோல எனக்குத்தான் போன் வரும்.

"ஏட்டி, ஒங்க ஆளுங்க கெட்டின ஒரு புடவைக்கடைப் பக்கத்தப் பாத்தியா? வாங்குத பட்டனுக்குப் பேரே வைக்கல. பட்டன், பட்டன், பட்டன்னு கத்திட்டுக் கெடக்கு. எதத் தட்டினா செகப்பு, எதத் தட்டினா பச்ச?"

"அது யாரு பண்ணதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரிஞ்சுக்கோ. தெரிஞ்சு ரெண்டு வார்த்த நல்லாக் கேட்டு விடு. தீவாளிக்கு முன்னாடி."

நான் அந்தக் கடைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓசூர் போய், அவரைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். நிறத்தை நான் சொன்னேன். துணியை அவர் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கடைக்காரரிடம் கன்னடத்தில் விலை பேசி, நான் நினைத்ததைவிடக் குறைத்து, ஒரு பச்சையை எடுத்துக்கொண்டார்.